எல்லை ஊர்ப் பல்கலைக்கழகமும் போரும்: எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

கிருஷ்ணகிரியில் முதுகலை வரலாறு முடித்த ஒரு தம்பி கேட்டிருந்தார்: "போர்க்காலத்தில் எல்லைப் பகுதிகளில் இருந்த பல்கலைக்கழகங்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. அங்கிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் எந்தப் பக்கம் நிற்பது என்று தவித்ததைப் பற்றி நல்ல புத்தகங்கள் எவை? நம் பாராமகால் பகுதியை (கிருஷ்ணகிரி, தர்மபுரி சுற்றுவட்டாரம்) இதற்குள் கொண்டுவர முடியுமா?" நான் தர்மபுரிக்காரன். வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பல்கலைக்கழகங்கள் தாங்களே வெளியிடும் நூற்றாண்டு மலர்களை முதலில் ஓரம் வையுங்கள். துணைவேந்தர்களின் படங்கள், கட்டடத் திறப்பு விழா, பதக்கப் பட்டியல் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். படை ஊருக்குள் நுழைந்த வருடம் மட்டும் அரைப் பத்தியில் முடிந்துவிடும். உங்களுக்கு வேண்டியதோ அந்த அரைப் பத்திதான். ஊர் ஓர் அரசிடமிருந்து இன்னோர் அரசுக்குக் கைமாறிய வாரங்களில் யாருக்கு வேலை நிலைத்தது, யார் பட்டம் செல்லாமல் போனது, நூலகத்தை யார் தூக்கிக்கொண்டு போனார்கள், அடுத்த மாதச் சம்பளத்தை யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். விசுவாசம் என்ற பெரிய பேச்சு தரையில் இறங்குவது இந்தச் சில்லறைக் கேள்விகளில்தான். இதற்குப் பதில் சொல்லும் புத்தகங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்றால், ஜான் கிரெய்க் எழுதிய 'ஸ்காலர்ஷிப் அண்ட் நேஷன் பில்டிங்'. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1984-இல் வெளியிட்டது. பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையில் இருக்கும் பகுதி அல்சாஸ், அதன் முக்கிய நகரம் ஸ்ட்ராஸ்பர்க். 1870 முதல் 1939 வரை ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கும் அல்சாஸ் மக்களுக்கும் இருந்த உறவுதான் விஷயம். விறுவிறுப்பாகப் படிக்கும் நூல் இல்லை, முதல் ஐம்பது பக்கம் கொட்டாவி வரும். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தை எப்படி ஆராய்வது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் நூலை நான் பார்த்ததில்லை.

கதை இதுதான். 1870-71 போரில் பிரான்ஸ் தோற்றது, அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது. முற்றுகையின்போது, 1870 ஆகஸ்ட் 24 இரவு, ஜெர்மன் பீரங்கிகள் ஸ்ட்ராஸ்பர்க் நூலகத்தைச் சாம்பலாக்கின. பழைய கையெழுத்துச் சுவடிகள் எல்லாம் போயின. அதே ஜெர்மனி 1872 மே 1 அன்று அங்கே புதிய பல்கலைக்கழகத்தைத் திறந்தது. எரித்த நூலகத்துக்கு ஈடாக நாடு நாடாகப் புத்தகம் கேட்டு வாங்கிப் பெரிய நூலகம் கட்டியது. பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். 1909-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன் அங்கேதான் இருந்தார். ஆய்வில் கொடிகட்டிப் பறந்த அந்தப் பல்கலைக்கழகம், எதற்காகத் திறக்கப்பட்டதோ அந்த வேலையில், அதாவது அல்சாஸ்காரர்களின் மனதை ஜெர்மனி பக்கம் திருப்புவதில், அந்த வேகத்தில் போகவில்லை. இந்த இடைவெளியைத்தான் கிரெய்க் துருவுகிறார்.

1918 நவம்பரில் பிரெஞ்சுப் படை திரும்பி வந்தது. வந்தவுடன் மக்களைத் தரம் பிரித்து அடையாள அட்டை கொடுத்தார்கள். குடும்பம் பழைய அல்சாஸ் குடும்பம் என்றால் 'ஏ' அட்டை. பெற்றோரில் ஒருவர் மட்டும் என்றால் 'பி'. நேச நாடு, நடுநிலை நாட்டுக்காரர்களுக்கு 'சி'. ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் 'டி'. கையிலிருக்கும் ஜெர்மன் மார்க்கை பிராங்காக மாற்றப் போனால் 'ஏ' அட்டைக்கு ஒரு விலை, 'டி' அட்டைக்கு அதைவிடக் குறைவு. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையாக இருந்தாலும் அப்பா அம்மா ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் என்றால் 'டி'தான். யார் மனதில் எந்த நாடு இருந்தது என்று எவரும் கேட்கவில்லை.

ஹாரி பிரெஸ்லாவ் என்ற வரலாற்றாசிரியரின் குடும்பத்தைப் பாருங்கள். இடைக்கால ஆவணங்களைப் படிப்பதில் பெரிய பண்டிதர். யூதர். 1890 முதல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பேராசிரியர். 1918 டிசம்பர் 1 அன்று, எழுபது வயதில், ஜெர்மன் வெறியர் என்று சொல்லி ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். அவருடைய மருமகன்தான் ஆல்பர்ட் சுவைட்சர். அல்சாஸில் பிறந்து, ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக் காலனியில் மருத்துவமனை வைத்திருந்த அவரையும் மனைவியையும், ஜெர்மன் குடிமக்கள் என்ற காரணத்தால், 1917-இல் பிரான்ஸுக்குக் கொண்டுபோய் முகாமில் அடைத்தது அதே பிரெஞ்சு அரசு. போர் முடிந்ததும் அவர் பிரெஞ்சுக் குடிமகன். மாமனாருக்கு ஒரு நியாயம், மருமகனுக்கு ஒரு நியாயம். இரண்டையும் முடிவு செய்தது குடும்பம் எந்த ஊர் என்பது.

1919-இல் பிரெஞ்சுப் பல்கலைக்கழகமாகத் திறந்தபோது மார்க் ப்ளாக், லூசியன் ஃபெவ்ர் போன்ற இளம் வரலாற்றாசிரியர்களை அனுப்பினார்கள். 1929-இல் இருவரும் சேர்ந்து தொடங்கிய 'அனால்' இதழ் இன்று உலகம் முழுக்க வரலாற்று மாணவர்கள் படிக்கிற பெயர். நாமும் முதுகலையில் படித்தோம். அந்த இதழ் ஓர் எல்லை ஊரில், ஒரு நாட்டைத் துரத்திவிட்டு இன்னொரு நாடு நிரப்பிய நாற்காலிகளிலிருந்து பிறந்தது என்பதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

கிரெய்க் 1939-இல் நிறுத்திவிடுகிறார். மிச்சத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததும் ஊரையே காலி செய்தார்கள். பல்கலைக்கழகம் நடு பிரான்ஸில் கிளெர்மோன் ஃபெராண்டுக்குப் போனது. 1940-இல் பிரான்ஸ் சரணடைந்த பிறகு, பல்கலைக்கழகம் ஊர் திரும்ப வேண்டும் என்று ஜெர்மனி கேட்டது. பிரெஞ்சுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். சரி என்று ஜெர்மனி 1941 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க்கில் தானே இன்னொரு பல்கலைக்கழகத்தைத் திறந்தது. ஆக ஒரே பெயருக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டு ஊரில். ஜெர்மன் பல்கலைக்கழகத்தைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவர் எர்ன்ஸ்ட் ஆன்ரிஷ், அதே ஊரில் பிறந்த பழைய ஜெர்மன் பேராசிரியர் ஒருவரின் மகன். அப்பா இழந்த நாற்காலியை மகன் நாஜிச் சட்டை போட்டுக்கொண்டு மீட்க வந்தார் என்றே நான் படிக்கிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் துறைத் தலைவர் ஆகஸ்ட் ஹிர்ட், எலும்புக்கூடு சேகரிப்புக்காக 86 யூதர்களைக் கொல்ல வைத்தார். இந்த வருடங்களைப் பற்றி ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகமே ஒரு வரலாற்று ஆணையம் வைத்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. நூற்றாண்டு மலரைத் திட்டினேனே, தன் வரலாற்றைத் தானே எழுதும் நிறுவனம் நேர்மையாக எழுத முடியும் என்பதற்கு இதுதான் உதாரணம்.

கிளெர்மோன் ஃபெராண்டில் 1943 நவம்பர் 25 அன்று ஜெர்மன் போலீஸ் வகுப்பறைகளுக்குள் புகுந்தது. கிரேக்க மொழிப் பேராசிரியர் பால் கொலோம்ப் சுட்டுக் கொல்லப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்டோரை ஜெர்மன் முகாம்களுக்கு ஏற்றிவிட்டார்கள். யார் யார் எதிர்ப்பு இயக்கத்தில் இருக்கிறார்கள் என்று அடையாளம் காட்டியவர்களில் ஒருவர் அவர்களோடு பழகிய மாணவர். இதற்கு முந்தைய வருடம்தான், 1942 ஆகஸ்டில், அல்சாஸ் இளைஞர்களை ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்க ஆணை வந்தது. பக்கத்து மோசெல் பகுதியையும் சேர்த்தால் சுமார் 1,30,000 பேர். ஓடிப்போனால் வீட்டிலிருப்பவர்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். போர் முடிந்து 1953-இல் பொர்தோ நகரில், ஓரதூர் என்ற பிரெஞ்சுக் கிராமத்தாரை ஜெர்மன் படை கொன்ற வழக்கில், குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் அல்சாஸ்காரர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். தண்டித்தால் அல்சாஸ் கொதிக்கிறது, விட்டால் ஓரதூர் கொதிக்கிறது. கடைசியில் நாடாளுமன்றம் மன்னிப்புச் சட்டம் போட்டது. பிளவுண்ட விசுவாசம் என்று நீங்கள் எழுதப் போகும் முதல் அத்தியாயத்துக்கு இந்த வழக்கு ஒன்றே போதும்.

இதோடு சேர்த்து மார்க் ப்ளாக் 1940-இல் எழுதிய சின்ன நூலைப் படியுங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரேஞ்ச் டிஃபீட்'. அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1946-இல்தான் அச்சானது. பல்கலைக்கழக வரலாறு இல்லைதான். ஆனால் யூதராகப் பிறந்து, எல்லை ஊரில் பதினேழு வருடம் பாடம் எடுத்து, ஐம்பது தாண்டிய வயதில் சீருடை போட்ட ஒரு பேராசிரியர் தன் நாட்டைக் கேள்வி கேட்கும் குரல் அதில் இருக்கிறது. ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும் என்று எழுதியிருந்தீர்கள். இதிலிருந்தே ஆரம்பித்தாலும் தப்பில்லை.

அடுத்து பெல்ஜியத்தின் கென்ட் நகரம். நம் ஊர் ஆட்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். ஊர் மக்கள் பேசுவது ஃபிளெமிஷ், பல்கலைக்கழகத்தில் பாடம் பிரெஞ்சில். தாய்மொழியில் பல்கலைக்கழகம் வேண்டும் என்று பல வருடமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். கோரிக்கையில் இருந்த நியாயத்தைத் தமிழ்நாட்டில் யாரும் விளக்க வேண்டியதில்லை. 1914-இல் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது. 1916-இல் ஜெர்மன் கவர்னர் ஜெனரல் பிஸ்ஸிங், இந்தா வாங்கிக்கொள் என்று ஃபிளெமிஷ் பல்கலைக்கழகத்தைத் திறந்து கொடுத்தார். ஒத்துழைக்க மறுத்த வரலாற்றுப் பேராசிரியர்கள் ஆன்ரி பிரென், பால் ஃபிரெடரிக் இருவரையும் அந்த மார்ச்சிலேயே ஜெர்மனிக்குக் கடத்தினார்கள். இதில் ஃபிரெடரிக் ஃபிளெமிஷ் மொழிக்காக வாழ்க்கையெல்லாம் பேசியவர். தான் கேட்டதே கிடைக்கிறது, கொடுப்பவன் கை ரத்தக் கை. அவர் வாங்கவில்லை. வேறு சிலர் வாங்கினார்கள். போர் முடிந்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தைக் கலைத்தார்கள், அங்கே பெற்ற பட்டம் செல்லாது என்றார்கள், பாடம் நடத்தியவர்கள் துரோகிகள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 1930-இல் பெல்ஜியம் தானே கென்ட்டை முழுக்க ஃபிளெமிஷ் மொழிக்கு மாற்றியது. பதினாலு வருடம் முன்னால் கேட்டவன் துரோகி, பின்னால் கேட்டவன் நல்ல குடிமகன். பிரென் பற்றி பிரைஸ் லயன் எழுதிய வாழ்க்கை வரலாறு (1974) இந்தக் காலத்தை நன்றாகச் சொல்கிறது. கையில் நூலகம் இல்லாமல், காவலில் இருந்தபடி, ஐரோப்பாவின் வரலாற்றை நினைவிலிருந்து பிரென் எழுதிய கதையும் அதில் உண்டு.

மூன்றாவதாக, இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ். போலந்துக்காரர்களுக்கு அது லிவோவ், ஜெர்மனில் லெம்பெர்க். கிறிஸ்டோஃப் மிக் 1914 முதல் 1947 வரை இந்த நகரத்தைப் பற்றி எழுதிய நூல் 2016-இல் ஆங்கிலத்தில் வந்தது. பல்கலைக்கழகம் அதில் ஒரு பகுதிதான், ஆனாலும் கட்டாயம் படிக்க வேண்டியது. போலந்து ஆட்சியில் உக்ரைனியர்கள் 1921 முதல் 1925 வரை ரகசியப் பல்கலைக்கழகமே நடத்தினார்கள். 1939-இல் சோவியத் வந்தது, 1941 ஜூன் கடைசியில் ஜெர்மனி வந்தது. வந்த சில நாளிலேயே ஜெர்மானியர்கள் இருபதுக்கும் மேற்பட்ட போலந்துப் பேராசிரியர்களை, சிலரைக் குடும்பத்தோடு, ஒரு குன்றில் நிறுத்திச் சுட்டார்கள்.

மிச்சம் இருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே அதிகம் பிடித்த கதை. ருடால்ஃப் வைக்ல் என்ற விஞ்ஞானி டைஃபஸ் காய்ச்சலுக்குப் பேனிலிருந்து தடுப்பூசி செய்துவந்தார். பேனுக்கு மனித ரத்தம் வேண்டும். சின்ன மரப்பெட்டி, ஒரு பக்கம் மெல்லிய வலை, உள்ளே நூற்றுக்கணக்கான பேன்கள். அதைக் காலில் கட்டிக்கொண்டு அரை மணி, முக்கால் மணி உட்கார வேண்டும். உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஸ்டெஃபான் பனாக். கணிதம் படித்தவர்கள் 'பனாக் வெளி' என்று கேட்டவுடன் எழுந்து நிற்பார்கள், அவர்தான். பேனுக்குத் தீனி போடுபவர் என்ற ஜெர்மன் அட்டை பையில் இருந்தால் தெருவில் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். தடுப்பூசி ஜெர்மன் ராணுவத்துக்குப் போனது, கள்ளத்தனமாக யூதச் சேரிகளுக்கும் போனது. வைக்ல் பிறப்பால் ஜெர்மன் வழி வந்தவர். ஜெர்மானியர் என்று எழுதிக்கொடு என்று கேட்டபோது மறுத்துவிட்டார். இவர் யார் பக்கம்? ஒரே வரியில் பதில் எழுதிப் பாருங்கள், முடியாது. ஆர்தர் ஆலன் இதைப் பற்றி 2014-இல் எழுதிய நூல், டாக்டர் வைக்லின் ஆய்வகத்தைப் பற்றியது, கதை மாதிரி ஓடும்.

தார்த்து, வில்னியஸ், செர்னிவ்ட்சி என்று இன்னும் ஊர்கள் உண்டு. செர்னிவ்ட்சி பல்கலைக்கழகம் 1875-இல் ஆஸ்திரியாவின் கீழ் ஜெர்மன் மொழியில் தொடங்கி, ருமேனியா, சோவியத், மறுபடி ருமேனியா, மறுபடி சோவியத் என்று மாறி இன்று உக்ரைனில் இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் ஆய்வு முடியாது, பென்ஷன் வயது வந்துவிடும். இரண்டு ஊர் போதும்.

இப்போது நம் மொழிக்கு வருகிறேன். இந்தப் பொருளில் தமிழர்கள் படிக்க வேண்டிய முதல் நூல் ஐரோப்பாவில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன், ராஜினி திராணகம நால்வரும் எழுதி 1990-இல் வந்த 'த புரோக்கன் பல்மைரா'. தமிழில் 'முறிந்த பனை'. ராஜினி உடற்கூறியல் துறைத் தலைவர். ஒரு காலத்தில் புலிகளுக்கு ஆதரவாக இருந்தவர், காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். கணவர் சிங்களவர். இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, இயக்கங்கள் என்று எல்லாத் தரப்பின் அத்துமீறலையும் எழுதினார்கள். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது ராஜினியைச் சுட்டுக் கொன்றார்கள். புலிகள்தான் காரணம் என்று அவருடைய சகாக்கள் குற்றம் சாட்டினார்கள். நூல் வெளியானதைப் பார்க்க அவர் இல்லை.

இந்த நூலைப் படிக்கும்போது நமக்குக் கோபம் வரும். சிலருக்கு எழுதியவர்கள் மேல் வரும், சிலருக்கு நம் ராணுவத்தின் மேல் வரும். 1987 அக்டோபரில் இந்தியக் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரில் இறங்கியது இதே பல்கலைக்கழக வளாகத்தில்தான். அல்சாஸ் கதையை அமைதியாகப் படித்த நாம் இதை ஏன் அப்படிப் படிக்க முடியவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆய்வு முன்னுரைக்குப் பயன்படும். நம் பக்கத்து மாவட்டங்களில் ஈழத்தமிழர் முகாம்கள் இருக்கின்றன, யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள் அங்கே கிடைக்கலாம். பேசப் போனால் பெயரைக் குறிக்காதீர்கள், போன் பதிவு போடாதீர்கள். நீங்கள் பட்டம் வாங்கிவிடுவீர்கள், அவர்கள் முகாமிலேயே இருப்பார்கள்.

டாக்கா பல்கலைக்கழகத்தையும் கேட்டிருந்தீர்கள். 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் அங்கே மாணவர்களையும் ஆசிரியர்களையும் கொன்றது. அதைப் பற்றி நிறைய நூல்கள் உண்டு. நான் சொல்வது எதிர்ப்பக்கத்து நூல் ஒன்று: ராணுவம் இருந்த மாதங்களில் துணைவேந்தராக இருந்த சையத் சஜ்ஜாத் ஹுசைனின் நினைவுக் குறிப்பு, 'த வேஸ்ட்ஸ் ஆஃப் டைம்'. பாகிஸ்தான் உடையக்கூடாது என்று கடைசிவரை நம்பியவர். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தோற்ற பக்கத்து ஆள் எழுதியதையும் படிக்காமல் விசுவாசத்தைப் பற்றி எழுத உட்காரக் கூடாது.

பாராமகால் விஷயம். வெளிப்படையாகச் சொல்கிறேன் தம்பி, அங்கே எல்லை இருந்தது, போர் இருந்தது, இரண்டு பக்கம் இழுபட்ட மக்கள் இருந்தார்கள், பல்கலைக்கழகம் மட்டும் இல்லை. 1768-இல் கிருஷ்ணகிரிக் கோட்டை ஆங்கிலேயரிடம் போனது, பிறகு மைசூர் கைக்கு வந்தது. 1791 நவம்பரில் ஆங்கிலேயர் மறுபடி தாக்கியபோது பேட்டையைப் பிடித்தார்கள், மலைமேல் ஏற முடியவில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாராமகால் கம்பெனிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி கலெக்டர், அவருக்குக் கீழே தர்மபுரியில் தாமஸ் மன்றோ. சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழி தெரியாது என்பதால் ராணுவ ஆட்களைப் போட்டார்கள். நேற்றுவரை திப்புவுக்கு வரி கட்டிய ஊரில், நேற்றுவரை அவர் கணக்கை எழுதிய ஆட்களை வைத்துக்கொண்டுதான் புது ஆட்சி நடந்தாக வேண்டும். ஸ்ட்ராஸ்பர்க் 1918-க்கு இது அண்ணன் முறை என்று எனக்குத் தோன்றும். ஆனால் இதைப் பல்கலைக்கழக ஆய்வுக்குள் நுழைத்தால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். தனிக் கட்டுரையாக எழுதுங்கள். சென்னை அரசு அச்சகம் 1907 முதல் வெளியிட்ட 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' தொகுதிகள், லெஃபனு எழுதிய 1883 சேலம் மாவட்டக் கையேடு, க்லெய்க் தொகுத்த மன்றோவின் கடிதங்கள், மூன்றும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

எல்லையும் பட்டமும் சேர்ந்த உள்ளூர்க் கதை வேண்டுமென்றால் ஓசூர் பக்கம் பாருங்கள். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போனார். கல்லூரி இருந்தது மைசூர் சமஸ்தானத்தில், பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1916-இல், உலகப்போர் நடுவில், மைசூர் தனக்கென்று பல்கலைக்கழகம் தொடங்கியதும் அந்தக் கல்லூரி அதன் கீழே போனது. எல்லையோர மாணவர்களுக்கு இதனால் என்ன மாறியது என்று யாராவது உட்கார்ந்து பார்க்கலாம். துப்பாக்கிச் சத்தம் இல்லாத கதை, ஆனால் ஆவணம் பக்கத்திலேயே கிடைக்கும்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்றால், கிரெய்க், மிக், லயன் மூன்றும் வாங்கினால் விலை கையைக் கடிக்கும். முதலில் இன்டர்நெட் ஆர்கைவில் தேடுங்கள், பல நூல்களை மணிக்கணக்கில் இரவல் தருகிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து உங்களுக்குச் சென்னையைவிட பெங்களூர் பக்கம், அங்குள்ள ஆய்வு நிறுவன நூலகங்களுக்குத் துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் உட்கார்ந்து படிக்க விடுவார்கள். 'முறிந்த பனை' இணையத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சோ ஜெர்மனோ தெரியாமல் ஸ்ட்ராஸ்பர்க் பற்றி முனைவர் பட்டம் வாங்க முடியாது, அதனால் யாழ்ப்பாணத்தை மையமாக வைத்து, ஸ்ட்ராஸ்பர்க்கை ஒப்பிட மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நெறியாளரிடம் போவதற்கு முன் 'முறிந்த பனை'யையும் கிரெய்க்கின் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் முடித்துவிடுங்கள்.